வெண்டிலேட்டர் எத்தனை என்று கேட்டது போதும், எத்தனை மி.லி. என்று கேளுங்கள்

பெறுநர்: தமிழ்நாடு அரசு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்கள், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி முதல்வர்கள், மயிலாடுதுறை மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைப் பொறுப்பாளர்கள்

மதிப்பிற்குரியவர்களுக்கு, வணக்கம்.

டெல்டா மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலத்தின் பிற்பகுதி முழுக்க ஐ.சி.யூ.வில்தான். வேலையில் இருந்தபோது இப்படி ஒரு மடல் எழுதியிருந்தால் மறுநாளே மெமோ வந்திருக்கும். இப்போது எனக்கு வருவது ஓய்வூதியம் மட்டும்தான், அதனால் எழுதுகிறேன்.

ஐப்பசி அடைமழை பிடித்தால் எங்கள் பக்கம் காய்ச்சல் வார்டு நிரம்பும். தென்னிந்தியாவில் ஃபுளூ வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து ஏறும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பெரும்பாலானோர் நாலைந்து நாளில் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி, வயதானவர், சில நேரம் எந்த நோயும் இல்லாத நடுவயதுக்காரர் என்று ஒரு சிலருக்கு மட்டும் வைரஸ் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். 2009இல் பன்றிக் காய்ச்சலில் இதைப் பார்த்தோம். 2021 மே மாதம் கொரோனாவில் பார்த்ததை மறக்க ஆகாது. ஃபுளூ வந்தாலும் கொரோனா வந்தாலும் அடினோ வைரஸ் வந்தாலும், நுரையீரல் முழுக்க நீர் கோத்து ஏ.ஆர்.டி.எஸ். என்ற நிலைக்குப் போய்விட்டால் ஐ.சி.யூ.வில் எங்களுக்கு எல்லாம் ஒரே வேலைதான்.

மழைக்கு முன் ஆய்வுக் கூட்டம் நடக்கும். எத்தனை வெண்டிலேட்டர் இருக்கிறது, எத்தனை ஓடுகிறது, எத்தனை பழுது என்று கேட்பார்கள். நாங்களும் எழுதி அனுப்புவோம். அந்த இயந்திரம் ஒரு மூச்சுக்கு எத்தனை மில்லிலிட்டர் காற்றைத் தள்ளுகிறது, என்ன அழுத்தத்தில் தள்ளுகிறது என்று மேலேயிருந்து யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நோயாளி வீட்டுக்குப் போவதையும் போகாததையும் பல நேரம் தீர்மானிப்பது அந்த இரண்டு எண்கள். இந்த மடல் அவற்றைப் பற்றியது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வெண்டிலேட்டரில் வைத்தால் ஆள் திரும்ப வராது என்ற பேச்சு எங்கள் கிராமங்களில் ஊறிப்போயிருக்கிறது. மூச்சுக்குழாயில் டியூப் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னவுடன் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குத் தூக்கிப்போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இந்த மடலை வாசிக்கும் பொதுமக்கள் யாரும் அந்தப் பேச்சுக்கு இதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நிலைக்கு வந்தவருக்கு இயந்திரம் இல்லையென்றால் சில மணி நேரம்கூடத் தாங்காது. உயிரைப் பிடித்து நிறுத்துவது அதுதான். ஆனால் அளவு தவறினால் அதே இயந்திரம் நுரையீரலைக் காயப்படுத்தும். இரண்டும் உண்மை. மருந்துக்கு டோஸ் உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். காற்றுக்கும் டோஸ் உண்டு என்பதுதான் எங்கள் வார்டுகளில் இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை.

1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, தொண்டையில் குழாய் வைத்து, மருத்துவ மாணவர்களை முறைவைத்து உட்கார வைத்து, பையைக் கையால் அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்தார்கள். இன்றைய ஐ.சி.யூ.வின் தொடக்கம் அங்கேதான். அந்த நோயாளிகளுக்கு மூச்சுத் தசைதான் செயலிழந்திருந்தது, நுரையீரல் பெரும்பாலும் நன்றாக இருந்தது. ஆபரேஷன் தியேட்டரில் மயக்கத்தில் படுத்திருப்பவருக்கும் அப்படித்தான், கொஞ்சம் கூடுதலாகக் காற்றுப் போனாலும் சில மணி நேரம் தாங்கும். ஒரு மூச்சுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 10 மி.லி.யும் அதற்கு மேலும் கொடுக்கும் பழக்கம் அந்தக் காலத்து மிச்சம். வைரஸ் நிமோனியாவில் நுரையீரலே நோயாளி.

நம் ஊர்க்காரர்களுக்கு நான் இப்படித்தான் சொல்லிப் புரியவைப்பேன். ஒரு மதகிலிருந்து பத்து வயலுக்குத் தண்ணீர் பாய வேண்டும். ஏழு வயலின் வாய்மடை மண்மூடி அடைத்துக்கிடக்கிறது. மதகை வழக்கம்போல் முழுக்கத் திறந்தால் பத்து வயலுக்கான தண்ணீரும் மிச்சமிருக்கும் மூன்று வயலுக்குள்தான் போகும். அந்த மூன்றின் வரப்பும் உடையும். ஏ.ஆர்.டி.எஸ். நுரையீரலில் நீர் கோத்துச் சுருங்கிய காற்றறைகள் அந்த ஏழு வயல். இயந்திரம் தள்ளும் காற்று முழுவதும் இன்னும் நன்றாக இருக்கும் கொஞ்சப் பகுதிக்குள் போய் அதை இழுத்து விரிக்கிறது. பெரிய ஆளின் உடம்பில் ஒரு குழந்தையின் அளவுக்குத்தான் நுரையீரல் மிஞ்சியிருக்கிறது என்று 1980களிலேயே இத்தாலிய மருத்துவர் கட்டினோனியின் குழு ஸ்கேன் எடுத்துக் காட்டியது.

அளவுக்கு மீறி விரிந்த காற்றறையின் சுவர் கிழியும், கிழியாவிட்டாலும் நீரைக் கசியவிடும். காற்று வெளியே கசிந்தால் நெஞ்சுக்கூட்டுக்குள் சேர்ந்து நுரையீரலை அமுக்கும், அதை வடிக்க ஐ.சி.டி. என்ற நெஞ்சுக் குழாய் போட வேண்டிவரும். சில நேரம் கழுத்துத் தோலுக்கடியில் ஏறிவிடும். இதை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் எக்ஸ்ரே அல்ல, உடம்பு துடைத்துவிடும் செவிலியரின் விரல்தான். தொட்டால் தோலுக்கடியில் நறநறவென்றிருக்கும். அரைகுறையாகத் திறந்த அறைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் திறந்து மூடி உரசிப் புண்ணாவது தனிக்கதை. அதைத் தடுக்கத்தான் மூச்சு வெளியே போன பிறகும் கொஞ்சம் அழுத்தத்தை மிச்சம் வைக்கும் பீப் என்ற அமைப்பு இருக்கிறது. இந்தப் புண்ணிலிருந்து கிளம்பும் அழற்சிப் பொருட்கள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் மற்ற உறுப்புகளையும் கெடுக்கின்றன. நிமோனியா என்று வந்தவருக்கு நாலாம் நாள், சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். நோய் முற்றிவிட்டது என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிறோம். முற்றியதில் இயந்திரத்தின் பங்கு எவ்வளவு என்று எழுத அதில் கட்டமே இல்லை.

இதெல்லாம் புதிதாக நான் கண்டுபிடித்ததல்ல. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 861 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு வெளியானது. ஒரு பிரிவுக்குக் கிலோவுக்கு 12 மி.லி., இன்னொரு பிரிவுக்கு 6 மி.லி. அதிகக் காற்று வாங்கியவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள், குறைவாக வாங்கியவர்களில் 31 சதவீதம். புது மருந்தும் இல்லை, புது இயந்திரமும் இல்லை. திருகியது ஒரு குமிழ். நூறு பேரில் கிட்டத்தட்ட ஒன்பது பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள்.

அந்தக் கிலோ எந்தக் கிலோ என்பதில்தான் நாம் கோட்டை விடுகிறோம். தராசில் நிற்கும் எடை அல்ல அது. உடம்பு பெருத்தால் நுரையீரல் பெருக்காது, நுரையீரலின் அளவு உயரத்தைப் பொறுத்தது. ஆகவே உயரத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். பெண்ணுக்கு உயரத்தில் 152.4 செ.மீ.யைக் கழித்து, மிச்சத்தை 0.91ஆல் பெருக்கி 45.5ஐக் கூட்ட வேண்டும். ஆணுக்கு 50ஐக் கூட்ட வேண்டும். நடவுக்குப் போகும் எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் 150 செ.மீ. உயரம் என்று வையுங்கள். கணக்கு எடை 43 கிலோ சொச்சம். கிலோவுக்கு 6 என்றால் ஒரு மூச்சுக்கு 260 மி.லி.

ஐ.சி.யூ.வில் இரவில் டியூப் போட்டு அவசரமாக இணைக்கும்போது வாயில் வரும் எண் என்ன தெரியுமா? '500 வை, ரேட் 14 வை.' ரேட் என்றால் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பது. ஐந்நூறு என்பது அந்தப் பெண்ணுக்குக் கிலோவுக்கு 11.5 மி.லி. ஆய்வில் தோற்ற பிரிவுக்குக் கொடுத்த அளவுக்குப் பக்கத்தில். குள்ளமானவர்களும் பெண்களும்தான் இந்த வகையில் கூடுதல் காற்றை வாங்குகிறார்கள், வெளிநாட்டு ஐ.சி.யூ.க்களிலும் இதே நிலைதான். ஒரு மருத்துவமனையில், அதன் பெயர் இங்கே வேண்டாம், வைரஸ் நிமோனியாவோடு வந்த குட்டையான ஓர் அம்மாவுக்கு மூன்று ஷிஃப்ட் கடந்தும் 480 மி.லி. ஓடிக்கொண்டிருந்தது. உயரம் எவ்வளவு என்று பார்க்க கேஸ் ஷீட்டைப் புரட்டினால் அந்த இடம் காலி. டெய்லர் டேப் வாங்கிவரச் சொல்லித் தலையிலிருந்து குதிகால் வரை அளந்தோம். அந்த டேப்பை அதற்குப் பிறகு மருந்து டிராலியிலேயே கட்டித் தொங்கவிட்டேன். இன்டென்ட் போட்டு வாங்கியதல்ல, என் காசுதான்.

என் முதல் கோரிக்கை இதுதான். டியூப் போட்ட ஒவ்வொரு நோயாளியின் உயரமும், அதற்குரிய 6 மி.லி. கணக்கும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆணை போடுங்கள். 140 செ.மீ. முதல் 185 செ.மீ. வரை, ஆண் பெண் தனித்தனியாக, இவ்வளவு உயரத்துக்கு இவ்வளவு மி.லி. என்று தமிழில் ஒரு அட்டவணை அச்சடித்து ஒவ்வொரு வெண்டிலேட்டரிலும் ஒட்டுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பெருக்கிப் பார்க்க யாருக்கும் நேரமிருக்காது. ஒட்டியிருந்தால் பார்ப்பார்கள்.

இரண்டாவது எண் அழுத்தம். மூச்சை உள்ளே தள்ளி முடித்ததும் ஹோல்ட் பட்டனை அரை நொடி அழுத்திப் பிடித்தால் பிளாட்டோ பிரஷர், அதாவது காற்று உள்ளே நிற்கும்போது நுரையீரல் தாங்கும் அழுத்தம், தெரியும். அது 30 செ.மீ. நீர் அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. அதிலிருந்து பீப்பைக் கழித்தால் வரும் எண் 15க்குள் இருந்தால் நல்லது. நோயாளி இயந்திரத்தோடு மல்லுக்கட்டாமல் இருக்கும்போது எடுத்தால்தான் எண் சரியாக வரும், மற்றபடி இதற்குத் தனித் திறமை எதுவும் வேண்டாம். 50 நாடுகளில் 459 ஐ.சி.யூ.க்களைப் பார்த்து 2016இல் வெளியான ஆய்வில், ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிகளில் 40 சதவீதம் பேருக்குத்தான் இந்த அழுத்தம் அளக்கப்பட்டிருந்தது. ஆக, குறை நம்மிடம் மட்டும் இல்லை. ஆனால் உலகமே கோட்டை விடுகிறது என்பது நாமும் விடுவதற்கு நியாயமாகாது.

இங்கே செவிலியர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் இந்த மடலுக்கு அர்த்தமில்லை. இயந்திரத்தின் எண்ணை மாற்றுவது டாக்டரின் வேலை. சிஸ்டர் வாயைத் திறந்து 'சார், இந்த அம்மாவுக்கு ஐந்நூறு அதிகம் இல்லையா' என்று கேட்டால் நல்ல டாக்டர் நின்று கேட்பார். மற்றவர் 'உங்க வேலையைப் பாருங்க' என்பார். ஹை பிரஷர் அலாரம் ஓயாமல் அடித்தால், காரணத்தைத் தேடாமல் அலாரத்தின் எல்லையை ஏற்றிவைத்துவிட்டுப் போகும் வழக்கமும் உண்டு. பிளாட்டோ 30ஐத் தாண்டினால் எந்த நேரமானாலும் செவிலியர் டாக்டரை அழைக்க வேண்டும், வந்தவர் என்ன செய்தார் என்று எழுத வேண்டும் என்று எழுத்தில் இருந்தால், கேட்பவளுக்கும் தைரியம் வரும், கேட்கப்படுபவருக்கும் கோபம் வராது.

காற்றைக் குறைத்தால் கார்பன் டை ஆக்சைடு ஏறும். அதைப் பார்த்துப் பயந்துபோய் மறுபடி காற்றைக் கூட்டிவிடுவது இளம் டியூட்டி டாக்டர்களிடம் நடக்கிறது. ரேட்டைக் கூட்டலாம், அந்த 861 பேர் ஆய்விலேயே நிமிடத்துக்கு 35 வரை அனுமதித்தார்கள். கொஞ்சம் ஏறினால் பொறுத்துக்கொள்ளலாம், ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 7.25 வரை இறங்குவதைப் பெரும்பாலான ஐ.சி.யூ. மருத்துவர்கள் பொறுக்கிறார்கள். ஆனால் பொறுக்க வேண்டுமென்றால் பி.எச். எவ்வளவு என்று தெரிய வேண்டும், அதற்கு அதை அளக்கும் ஏ.பி.ஜி. மெஷினுக்குள் கார்ட்ரிட்ஜ் இருக்க வேண்டும். கார்ட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டது, சப்ளை வரவில்லை என்ற பதிலை மெஷின் இருக்கும் எத்தனை ஊர்களில் கேட்டிருக்கிறேன்!

குப்புறப் படுக்க வைப்பதைப் பற்றி நீங்கள் கொரோனாக் காலத்திலேயே கேட்டிருப்பீர்கள். மல்லாந்து கிடக்கும்போது நெஞ்சின் கனமும் நீர் கோத்த நுரையீரலின் கனமும் முதுகுப்புறத்தை அமுக்கி மூடிவிடும். குப்புறப் போட்டால் முதுகுப்புறம் திறந்து காற்று பரவலாகப் போகும், ஒரே இடம் இழுபடுவது குறையும். 2013இல் வந்த பிரெஞ்சு ஆய்வில், கடுமையான ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிகளைத் தினமும் குறைந்தது 16 மணி நேரம் குப்புற வைத்தபோது 28 நாளைக்குள் இறந்தவர்கள் 32.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தார்கள். பாதிக்குப் பாதி. இதற்கும் மருந்துச் செலவு பெரிதாக இல்லை. கைகள் வேண்டும். டியூப்பைப் பிடிக்க ஒருவர், இருபுறமும் திருப்ப நாலைந்து பேர். நைட் டியூட்டியில் இரண்டு சிஸ்டர் இருக்கும் வார்டில் ஆறு பேருக்கு எங்கே போவது? வெண்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பதுதான் நெறி. எங்கள் பக்கத்தில் அந்த நெறி சுவரில் தொங்கி நான் பார்த்திருக்கிறேன், வார்டில் பார்த்ததில்லை. கொரோனாவின்போது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி. வழியாகத் தற்காலிகமாக வந்த பிள்ளைகள் குப்புறத் திருப்புவதிலும் டியூப் பராமரிப்பிலும் எங்களைவிடத் தேர்ந்துவிட்டார்கள். 2022 டிசம்பரோடு அவர்கள் பணி முடிக்கப்பட்டது. இயந்திரங்கள் இருந்தன, பழகிய கைகள் போய்விட்டன. அது அரசின் நிதிக் கணக்கு, அதில் நுழைய நான் யார் என்று கேட்கலாம். பழகிய கையில்லாத இயந்திரத்துக்குக் கணக்கில் என்ன மதிப்பு என்று நானும் கேட்கலாமில்லையா?

டெல்டாவுக்கே உரிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று தூரம். மயிலாடுதுறை மாவட்டமாகி ஆண்டுகள் ஓடிவிட்டன, அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. சீர்காழியிலிருந்தும் வேதாரண்யத்திலிருந்தும் மூச்சுத் திணறலோடு கிளம்புபவர் அடுத்த பெரிய ஐ.சி.யூ.வைப் பார்க்க எத்தனை கிலோமீட்டர் என்று உங்களுக்கே தெரியும். சிறிய மருத்துவமனைகளில் டியூப் போடாமல் முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும் பைபேப் வைத்து, நோயாளி இழுத்து இழுத்து மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டே இரண்டு மூன்று நாள் ஓட்டுகிறார்கள். அப்படி வலிந்து இழுக்கும் மூச்சும் நுரையீரலைக் காயப்படுத்தும், இயந்திரம் தள்ளுவது மட்டுமல்ல. பிறகு கைமீறியதும் டியூப் போட்டு 108இல் ஏற்றி அனுப்புகிறார்கள். வழியெல்லாம், கையால் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை அமுக்கிக்கொண்டு வருகிறார்கள். பெரியவர்களுக்கான ஆம்பு பை ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கொள்ளும். பதற்றத்தில் இரண்டு கையாலும் அமுக்கினால் 260 மி.லி. வேண்டிய நுரையீரலுக்குள் எவ்வளவு போகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பையில் பீப் வால்வும் பெரும்பாலும் இருக்காது. டியூப்பைக் கிளாம்ப் செய்யாமல் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும், பாடுபட்டுத் திறந்த காற்றறைகள் மூடிக்கொள்ளும். வெண்டிலேட்டரோடு ஒருவரை மாற்றும்போது டிரான்ஸ்போர்ட் வெண்டிலேட்டர் உள்ள வண்டி வர வேண்டும், கிளம்பும் முன் உயரமும் மி.லி.யும் பிளாட்டோவும் எழுதிய ஒரு தாள் கூடவே வர வேண்டும். அதற்கும் முன்னால், இரண்டு மணி நேரத்தில் பைபேப்பில் தேறாதவரைப் பற்றி மருத்துவக் கல்லூரி ஐ.சி.யூ.வை ஃபோனில் கேட்க ஒரு எண், இரவிலும் யாராவது எடுக்கும் எண், வேண்டும்.

இன்னொன்று கரண்ட். எங்கள் ஃபுளூ மாதங்களும் புயல் மாதங்களும் ஒன்றுதான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம் பல ஊர்களுக்கு நாள்கணக்கில், சில ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. ஜெனரேட்டரும் பேட்டரியும் கைவிட்டால் மறுபடியும் அதே ஆம்பு பைதான். ஒரு கையால் மெதுவாக, நெஞ்சு லேசாக எழும்பினால் போதும், பீப் வால்வோடு. இந்த ஒரு வரியைப் புயல் ஒத்திகையில் சேர்க்க என்ன செலவாகும்?

தடுப்பூசியையும் ஓசல்டமிவிர் என்ற ஃபுளூ மருந்தையும் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். மருந்தை முதல் இரண்டு நாளில் கொடுத்தால்தான் முழுப் பலன் என்று ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு நினைவூட்டினால் போதும்.

கடைசியாகப் பெரிய கோரிக்கை. தமிழ்நாட்டில் ஒரு தாய் பிரசவத்தில் இறந்தால் அதைத் தணிக்கை செய்கிறோம். எப்போது வலி வந்தது, எங்கே தாமதம், யார் பார்த்தார்கள் என்று மாவட்ட ஆட்சியர் வரைக்கும் உட்கார்ந்து கேட்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்குப் போய்ப் பதில் சொன்னவள் நான், நடுக்கமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கேள்விகளால்தான் ரத்தம் வந்தது, மயக்க மருத்துவர் வந்தார், வண்டி வந்தது. பிரசவ இறப்பு இந்த மாநிலத்தில் இவ்வளவு இறங்கியதில் அந்தக் கூட்டங்களுக்குப் பங்கு உண்டு. நிமோனியாவோடு வெண்டிலேட்டரில் இறந்தவருக்கு அப்படி ஒரு கேள்வியும் கிடையாது. 'வைரஸ் நிமோனியா, ஏ.ஆர்.டி.எஸ்.' என்று எழுதி மூடிவிடுகிறோம். அந்த மாதிரி ஒரு தணிக்கையை ஃபுளூ மாதங்களில் மட்டுமாவது, இந்த நாலு மாவட்டங்களில் மட்டுமாவது தொடங்குங்கள். யாரையும் தண்டிக்க அல்ல. உயரம் என்ன, எத்தனை மி.லி. ஓடியது, பிளாட்டோ எவ்வளவு, குப்புற வைத்தார்களா, வைக்காவிட்டால் ஆளில்லையா என்று கேட்க மட்டும். இறந்தவர்களோடு, பிழைத்துப் போனவர்களின் கேஸ் ஷீட்டிலும் பத்தை எடுத்துப் பாருங்கள். அப்போதுதான் எது உதவியது என்று தெரியும்.

ஒரு சின்ன வேண்டுகோள். இது பற்றிச் சுற்றறிக்கை விட்டால் கல்லூரி முதல்வர் அலுவலகத்துக்கு மட்டும் அனுப்பாதீர்கள். அங்கே அது ஃபைலில் கோக்கப்பட்டுப் பத்திரமாக இருக்கும். ஐ.சி.யூ. இன்சார்ஜ் சிஸ்டர்களுக்குப் பெயர்போட்டு ஒரு நகல் அனுப்புங்கள், அட்டவணையோடும் ஒரு டேப்போடும். செப்டம்பருக்குள் வந்துவிட்டால் மழைக்கு முன் இரண்டு முறையாவது சொல்லிக்கொடுத்துப் பழக்கிவிடலாம். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் என்னைப்போல் ஓய்வு பெற்றவர்கள் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் திருத்துறைப்பூண்டியிலும் இருக்கிறார்கள். பயணப்படி வேண்டாம், பஸ்ஸில் வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியக் கண்காணிப்பாளர்,
காவிரி டெல்டா